முன்னா, பின்னா? எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் திசைச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஸ்கேன் எடுக்கப் போனால் அறைக்குள் கன்னடம், கையில் கொடுக்கும் ரிப்போர்ட் ஆங்கிலம், வீட்டுக்கு வந்து பேசுவது தமிழ். அந்த ரிப்போர்ட்டில் திரும்பத் திரும்ப வருபவை ஆன்டீரியர், போஸ்டீரியர், ஏபி, பிஏ. ரிப்போர்ட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கவலைப்படும் குடும்பத்தார், ரேடியோகிராஃபி படிக்கும் பிள்ளைகள், இந்த ஊரில் மருத்துவப் படங்களுக்கான சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் ஆகிய மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. எம்ஆர்ஐ, டைகாம் (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் ஃபைல் முறை) பற்றிய கேள்விகள் தொழிலில் இருப்பவர்களுக்கு. மற்றவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

ஆன்டீரியர், போஸ்டீரியர் என்றால் சரியாக என்ன?

ஆன்டீரியர் என்றால் உடலின் முன்பக்கம் நோக்கி. போஸ்டீரியர் என்றால் முதுகுப் பக்கம் நோக்கி. இரண்டுமே ஒன்றோடொன்றை ஒப்பிட்டுச் சொல்பவை. மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு ஆன்டீரியர். அதே மூச்சுக்குழாய் மார்பெலும்புக்குப் போஸ்டீரியர். ஆகவே ரிப்போர்ட்டில் இந்தச் சொல் வந்தால் "எதற்கு முன்னால், எதற்குப் பின்னால்?" என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதயத்தில் இது நன்றாகப் புரியும். அறைகளுக்கு வலது, இடது என்று பெயர் இருந்தாலும், வலது வென்ட்ரிக்கிள் (கீழறை) மார்பெலும்பை ஒட்டி முன்னால் இருக்கிறது. இடது ஏட்ரியம் (மேலறை) எல்லாவற்றுக்கும் பின்னால், உணவுக்குழாயை ஒட்டி இருக்கிறது. உணவுக்குழாய்க்குள் கருவியை இறக்கி எடுக்கும் எக்கோவில் இடது ஏட்ரியம் தெளிவாகத் தெரிவது இந்த நெருக்கத்தால்தான்.

குப்புறப் படுத்தால் முன் பின் மாறுமா?

மாறாது. உடற்கூறியலில் எல்லாத் திசைகளும் ஒரே ஒரு நிலையை வைத்துச் சொல்லப்படுகின்றன: நிமிர்ந்து நின்று, முகம் நேராக முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்னால் பார்க்க, பாதங்கள் முன்னோக்கி. நோயாளி மல்லாந்தாலும், கவிழ்ந்தாலும், ஒருக்களித்தாலும் தொப்புள் இருக்கும் பக்கம் ஆன்டீரியர், முதுகுத்தண்டு இருக்கும் பக்கம் போஸ்டீரியர். படுக்கையில் அப்போது எது கீழே இருக்கிறது என்பதைச் சொல்ல டிபென்டன்ட் என்ற வேறு சொல் இருக்கிறது. இரண்டையும் குழப்பினால், கவிழ்த்து எடுத்த சிடியில் முன்பக்கம் தேங்கிய நீரைப் பின்பக்கம் என்று எழுதும் தவறு வரும்.

வென்ட்ரல், டார்சல் என்றும் எழுதுகிறார்களே, அது வேறா?

மனித உடலின் நடுப்பகுதியில் வென்ட்ரலும் ஆன்டீரியரும் ஒன்றே, டார்சலும் போஸ்டீரியரும் ஒன்றே. நான்கு கால் விலங்கில் அப்படி இல்லை. பெங்களூர் ஹெப்பாளில் கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களுக்கு வென்ட்ரல் என்றால் வயிற்றுப் பக்கம், அதாவது தரையை நோக்கி. நாயின் மார்பு எக்ஸ்ரேயில் விடி (வென்ட்ரோடார்சல்) என்று எழுதியிருந்தால் நாய் மல்லாந்திருக்கிறது, கதிர் வயிற்றுப் பக்கம் நுழைந்து முதுகுப் பக்கம் வெளியேறுகிறது என்று பொருள்.

மனிதரிலும் மூன்று இடங்களில் கவனம் தேவை. கையில் முன், பின் என்று சொல்லாமல் பாமர், டார்சல் என்பார்கள்: உள்ளங்கை, புறங்கை. பாதத்தில் டார்சல் என்பது மேற்பரப்பு, பிளான்டர் என்பது உள்ளங்கால். மூன்றாவது மூளை. தண்டுவடம் நிமிர்ந்து மேலேறி, நடுமூளையின் அருகே அச்சு முன்னோக்கி வளைகிறது. அதனால் மூளைத்தண்டில் டார்சல் என்றால் பின்பக்கம், பெருமூளையில் டார்சல் என்றால் உச்சி நோக்கிய பக்கம். பெங்களூரின் நரம்பியல் மருத்துவமனையான நிமான்ஸ் போன்ற இடங்களின் மூளை எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் படிக்கும்போது எந்தப் பகுதியைப் பற்றிய வாக்கியம் என்று பார்த்துவிட்டே திசையை முடிவு செய்யுங்கள்.

எக்ஸ்ரேயில் வரும் ஏபி, பிஏ என்ன சொல்கின்றன?

கதிர் போன வழியைச் சொல்கின்றன. பிஏ என்றால் கதிர் முதுகில் நுழைந்து மார்பு வழியே வெளியேறுகிறது. நோயாளி மார்பை, படத்தைப் பதியும் டிடெக்டரில் ஒட்டி, முதுகை எக்ஸ்ரே குழாய்க்குக் காட்டி நிற்பார். ஏபி என்றால் எதிர்த்திசை: முதுகு டிடெக்டர் மேல், கதிர் முன்னாலிருந்து வருகிறது. நோயைப் பற்றி இவை எதுவும் சொல்வதில்லை. "பிஏ என்று போட்டிருக்கிறார்களே, பின்பக்கம் ஏதோ பிரச்சினையா?" என்று பயப்பட வேண்டாம்.

மார்பு எக்ஸ்ரேக்கு ஏன் பிஏ எடுக்கவே பாடுபடுகிறார்கள்?

இதயம் மார்பின் முன்பாதியில் இருப்பதால். சுவரில் விழும் கையின் நிழலை நினைத்துக்கொள்ளுங்கள்: கை சுவரை நெருங்கினால் நிழல் சுருங்கும், விளக்கை நெருங்கினால் விரியும். எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது எளிய கணக்கு. குழாயிலிருந்து டிடெக்டர் வரை உள்ள தூரத்தை, குழாயிலிருந்து உறுப்பு வரை உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டுக்கு மார்பின் தடிமன் 22 செ.மீ., இதயத்தின் அகலம் 12 செ.மீ., அது முன்சுவரிலிருந்து 6 செ.மீ. உள்ளே என்று வைத்துக்கொள்வோம். பிஏ வழக்கமாக 180 செ.மீ. தூரத்தில் எடுக்கப்படுகிறது. 180ஐ 174ஆல் வகுத்தால் 1.03. இதயம் படத்தில் 12.4 செ.மீ. படுக்கையில் வைத்து எடுக்கும் போர்ட்டபிள் ஏபி பெரும்பாலும் 100 செ.மீ. அளவில்தான். அங்கே இதயம் டிடெக்டரிலிருந்து 16 செ.மீ. தள்ளி இருக்கிறது. 100ஐ 84ஆல் வகுத்தால் 1.19. அதே இதயம் 14.3 செ.மீ. ஆகிவிடுகிறது.

மார்புக்கூடும் பெரிதாகத்தான் தெரியும், ஆனால் அதன் அகலமான பகுதி நடுவில் இருப்பதால் இதயம் அளவுக்குப் பெரிதாகாது. மார்புக்கூட்டின் உள்ளகலம் 27 செ.மீ. என்று கொண்டால், படத்தில் தெரியும் இதய அகலத்தை மார்புக்கூட்டின் அகலத்தால் வகுத்து வரும் இதய மார்பு விகிதம் பிஏயில் 0.43, ஏபியில் 0.47. இது வெறும் தூரத்தால் வந்த வித்தியாசம். படுத்திருப்பதால் உதரவிதானம் மேலேறுவதும், முழு மூச்சு இழுக்க முடியாததும் சேர்ந்தால் நல்ல இதயமே 0.5ஐத் தாண்டிவிடும். பெரியவர்களில் 0.5க்கு மேல் போனால் இதயம் பெரிது என்ற விதி நின்று, முழு மூச்சில் எடுத்த பிஏக்கு மட்டும் உரியது. ஐசியூவில் எடுத்த ஏபி படத்தை வைத்து "அப்பாவுக்கு இதயம் வீங்கியிருக்கிறது" என்று முடிவு கட்டுவது நியாயமே இல்லை.

படத்தைப் பார்த்து ஏபியா பிஏயா என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். பிஏயில் தோள்களை முன்னால் உருட்டி நிற்கச் சொல்வதால் தோள்பட்டை எலும்புகள் நுரையீரல் பரப்பிலிருந்து விலகியிருக்கும். ஏபியில் அவை நுரையீரல் மேலேயே விழும். ஏபியில் காறை எலும்புகள் சற்று உயர்ந்து, கிடைமட்டமாகத் தெரியும். இரைப்பையின் காற்றுக் குமிழுக்குக் கீழே நேர்கோடாக நீர்மட்டம் தெரிந்தால் நோயாளி நிமிர்ந்திருந்தார். மூச்சு போதுமா என்று பார்க்க, உதரவிதானத்துக்கு மேல் முன் விலா எலும்புகள் 6 அல்லது பின் விலா எலும்புகள் 9, 10 எண்ண முடிய வேண்டும். பின் விலாக்கள் ஏறக்குறையக் கிடைமட்டமாகவும், முன் விலாக்கள் நடுநோக்கிச் சரிந்தும் இருக்கும். எண்ணும்போது இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

ஒன்றைத் திரையை வைத்துச் சொல்ல முடியாது. ஏபி, பிஏ இரண்டுமே நோயாளி உங்களைப் பார்த்து நிற்பது போலத்தான் காட்டப்படும், அவருடைய வலது பக்கம் உங்கள் இடது பக்கத்தில். அதனால்தான் வலது, இடதைக் காட்ட டெக்னீஷியன் வைக்கும் ஆர் அல்லது எல் என்ற ஈய மார்க்கர் அவ்வளவு முக்கியம். படம் எடுத்த பிறகு கணினியில் ஒட்டும் எழுத்து அதற்கு மாற்று ஆகாது. இதயம் வலப்பக்கம் இருப்பவர்களும் உண்டு. மார்க்கர் இல்லாத படத்தை வழக்கம்போல் இருக்கட்டும் என்று திருப்பிப் போட்டால் அந்தச் சேதி அங்கேயே தொலைந்துபோகும்.

எக்ஸ்ரே அறையில் கன்னடத்தில் சொல்வது புரியவில்லை என்றால்?

மூச்சு விஷயத்தில் மட்டும் கட்டாயம் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். கன்னடத்தில் "உசிரு பிடி" என்று நம் காதில் விழுவது மூச்சை விடு என்ற கட்டளை. பிடித்துக்கொள் என்பதற்கு அவர்கள் "ஹிடி" என்பார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் கட்டளையை நேர் எதிராக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். மூச்சு வெளியே போன நேரத்தில் எடுத்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்துத் தெரியும், நிமோனியாவோ என்ற சந்தேகமும் வரும். உள்ளே போகும் முன் டெக்னீஷியனிடம் "அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், கையால் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும்.

படுக்க வைத்து எடுத்த ஏபியில் நீரும் காற்றும் ஏன் தெரியாமல் போகின்றன?

நிற்கும்போது நுரையீரலைச் சுற்றிய நீர் கீழே இறங்கி உதரவிதானத்தின் ஓரக் கோணத்தை மழுங்கடிக்கும். பிஏயில் அது தெரியச் சுமார் 200 மி.லி. வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் பின்கோணம் இன்னும் ஆழமாக இருப்பதால் சுமார் 50 மி.லி. போதும். மல்லாந்து படுத்தால் நீர் முதுகுப் பக்கம் பரவிவிடும். கதிர் முன்னிருந்து பின்னாகப் போவதால் நீர் இருக்கும் பக்க நுரையீரல் முழுவதும் லேசாக வெளுத்ததுபோலத் தெரியுமே தவிர மட்டக்கோடு எதுவும் தெரியாது. நுரையீரலுக்கு வெளியே கசிந்த காற்றுக்கு இதற்கு நேர் எதிர்: அது முன்பக்கத்திலும் நுரையீரலின் அடிப்பகுதியிலும் சேரும். உச்சியில் தேடினால் கிடைக்காது. உதரவிதானத்தின் ஓரக் கோணம் அளவுக்கு மீறி ஆழமாகவும் கறுப்பாகவும் இருந்தால் நுரையீரலுக்கு வெளியே காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லா எக்ஸ்ரேயும் பிஏதானா?

இல்லை. வயிறு, இடுப்பு முதுகெலும்பு, முழங்கால் பொதுவாக ஏபி. கை பிஏ, ஏனென்றால் உள்ளங்கையை டிடெக்டரில் பதிக்கிறோம். சைனஸ் படத்தில் முகம் டிடெக்டர் பக்கம் இருக்கும், சைனஸ் கூர்மையாகத் தெரிவதோடு கண் லென்ஸுக்குப் போகும் கதிரும் குறையும். முதுகு வளைவுக்காக வருடக்கணக்கில் படம் எடுக்கும் பெண் பிள்ளைகளுக்குப் பிஏ கேட்பது மார்பகத்துக்குப் போகும் கதிரைக் குறைக்க. ஏபியில் எடுக்கப் போனால் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

சிடி குறுக்குவெட்டுப் படத்தில் முன் எது, பின் எது?

மல்லாந்து படுத்த நோயாளியின் கால்மாட்டில் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் மேல்பக்கம் ஆன்டீரியர், கீழ்பக்கம் போஸ்டீரியர், உங்கள் இடது கைப்பக்கம் நோயாளியின் வலது. ஓரங்களில் ஏ, பி, ஆர், எல் எழுத்துகள் இருக்கும். கீழே வளைந்த கோடாகத் தெரிவது மேசை.

சிலரைக் கவிழ்த்துப் படுக்க வைத்தும் எடுப்பார்கள். நுரையீரலின் பின்பகுதி மங்கல், எடையால் அழுந்தியதா, தொடக்கநிலைத் தழும்பா என்று பிரிக்க இது உதவும். கவிழ்ந்ததும் மறைந்தால் அழுந்தல்தான். சிறுநீர்க்குழாயின் கடைசியில் தெரியும் கல் அங்கேயே சிக்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பைக்குள் விழுந்துவிட்டதா என்பதற்கும் இதே உத்தி. விழுந்த கல் முன்பக்கம் உருண்டுவிடும், சிக்கிய கல் நகராது.

"போஸ்டீரியர் டிஸ்க் பல்ஜ்" என்று வந்திருக்கிறது. பெரிய விஷயமா?

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் பெங்களூர்க்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. டிஸ்க்குக்குப் பின்னால்தான் நரம்புகள் இறங்கும் கால்வாய் இருக்கிறது, அதனால் பின்னோக்கிய பிதுக்கத்தைக் குறிப்பிட்டு எழுதுகிறார்கள். வலியே இல்லாதவர்களின் எம்ஆர்ஐயிலும் பல்ஜ் சாதாரணமாகத் தெரியும். அடுத்த வரியைப் படியுங்கள்: நரம்பை அழுத்துகிறதா, எந்தப் பக்கம், எந்த மட்டத்தில் என்பதுதான் முக்கியம். நடுக்கோட்டில் பின் நெடுந்தசைநார் தாங்குவதால் பிதுக்கம் பெரும்பாலும் சற்று ஓரமாக வரும், அதற்குப் போஸ்டரோலேட்டரல் என்று பெயர். கால்வாயின் ஏபி விட்டம் என்று மி.மீ.யில் வருவது முன்பின் அகலம். இடுப்பில் அது 10 மி.மீ.க்குக் கீழே போனால் கால்வாய் குறுகியிருக்கிறது என்று கொள்வது வழக்கம். ஆன்டீரோலிஸ்தீசிஸ் என்றால் மேல் முள்ளெலும்பு கீழ் எலும்பின் மேல் முன்னோக்கி நகர்ந்திருக்கிறது. 25 சதவீதம் வரை நகர்ந்திருந்தால் கிரேடு 1.

சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலோ, இருக்கை படும் இடம் மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ ரிப்போர்ட்டைப் படித்துக்கொண்டிருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

கர்ப்ப ஸ்கேனில் "ஆன்டீரியர் பிளாசென்டா" என்றால்?

நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்சுவரில் ஒட்டியிருக்கிறது. இது நோய் இல்லை. குழந்தைக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே ஒரு மெத்தை போல இருப்பதால் அசைவு சில வாரம் தாமதமாகத் தெரியலாம். ஆனால் தெரிந்துகொண்டிருந்த அசைவு குறைந்தால் அதற்கு நஞ்சுக்கொடியைக் காரணமாகச் சொல்லிக் காத்திருக்கக் கூடாது. முன்பு சிசேரியன் ஆகியிருந்து, நஞ்சுக்கொடி முன்சுவரில் தாழ்வாகவும் இருந்தால் தழும்புக்குள் அது வேரூன்றியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பழைய சிசேரியன் விவரத்தை ஸ்கேன் டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நஞ்சுக்கொடி இருக்கும் பக்கத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்வது வெறும் நம்பிக்கை.

எம்ஆர்ஐயில் ஃபேஸ் திசையை ஏபி என்று வைப்பதும் மாற்றுவதும் எதற்காக?

அசையும் உறுப்பின் பேய்நிழல் ஃபேஸ் என்கோடிங் திசையில் விழும். இடுப்பு முதுகின் சாஜிட்டல் படத்தில் ஃபேஸை ஏபி வைத்தால் குடலும் அயோர்ட்டாவும் தண்டுவடக் கால்வாய் மேல் நிழலடிக்கும். தலைகால் திசைக்கு மாற்றி, வயிற்றின் மேல் சாச்சுரேஷன் பேண்ட் போட்டால் சுத்தமாகும். அப்போது மேலும் கீழும் படம் மடிந்து விழாமல் இருக்க ஃபேஸ் ஓவர்சாம்பிளிங் சேர்க்க வேண்டும், நேரம் கூடும். இன்னொரு லாபமும் உண்டு: கொழுப்பின் இடப்பெயர்ச்சி ஃப்ரீக்வென்சி திசையில் நடப்பதால், முள்ளெலும்பின் மேல் விளிம்பு தடித்தும் கீழ் விளிம்பு மெலிந்தும் தெரிவது நின்றுவிடும். மூளையின் வழக்கமான குறுக்குவெட்டில் ஃபேஸ் வலம் இடமாக இருப்பது கண் அசைவின் நிழல் மூளை மேல் விழாதிருக்க.

டைகாமில் முன் பின் எப்படிப் பதிவாகிறது? சாஃப்ட்வேரில் எங்கே சறுக்குகிறது?

டைகாமின் அச்சுகள் எல்பிஎஸ்: எக்ஸ் நோயாளியின் இடது நோக்கியும், ஒய் போஸ்டீரியர் நோக்கியும், இசட் தலை நோக்கியும் கூடும். ஆராய்ச்சியில் புழங்கும் நிஃப்டி ஃபைல் ஆர்ஏஎஸ்: எக்ஸ் வலம், ஒய் ஆன்டீரியர். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது அஃபைன் மேட்ரிக்ஸின் முதல் இரண்டு வரிசைகளின் குறியை மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கண்ணாடிப் பிம்பம் வரும். மூளை இருபக்கமும் ஒன்றுபோல இருப்பதால் கண்ணில் படாமலே போய்விடும்.

இமேஜ் ஓரியன்டேஷன் (0020,0037) என்ற டேகில் ஆறு எண்கள் இருக்கும். மல்லாந்த நோயாளியின் நேர் குறுக்குவெட்டில் 1, 0, 0, 0, 1, 0. முதல் மூன்றும் வரிசை நெடுகப் போனால் நோயாளியின் இடது நோக்கியும், அடுத்த மூன்றும் நெடுவரிசையில் இறங்கினால் போஸ்டீரியர் நோக்கியும் போவதைச் சொல்கின்றன. எக்ஸ்ரேயில் வியூ பொசிஷன் (0018,5101) என்பது கதிரின் பாதை மட்டும். அதைப் படித்துப் படத்தைத் திருப்பும் ப்ரோகிராம் கட்டாயம் தவறும். திரையில் எந்தப் பக்கம் என்ன என்பதற்குப் பேஷன்ட் ஓரியன்டேஷன் (0020,0020) டேகைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கேனரில் படுத்த நிலையைத் தவறாகத் தட்டிவிட்டால் என்ன ஆகும்?

ஓரத்தில் வரும் எழுத்துகளை மெஷின் டெக்னீஷியன் தேர்ந்தெடுத்த நிலையிலிருந்து கணக்கிடுகிறது. தலை முதலில் கவிழ்ந்தவரை மல்லாந்தவர் என்று பதிந்தால் முன் பின் மாறும், கூடவே வலம் இடமும் மாறும். கால் முதலில் போனவரைத் தலை முதலில் என்று பதிந்தால் தலை கால் மாறும், அப்போதும் வலம் இடம் மாறும். இந்த இரண்டில் எது நடந்தாலும் வலம் இடமும் சேர்ந்தே தவறாகும். முதுகெலும்பு ஏ எழுத்தின் பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்து, முன் பின்னை மட்டும் மனதுக்குள் திருத்திக்கொண்டு ரிப்போர்ட் எழுதினால் கட்டி தவறான சிறுநீரகத்தில் போய் உட்காரும்.

சரிபார்க்க, ஸ்கேன் தொடங்கும் முன் எடுக்கும் ஸ்கவுட் என்ற முன்னோட்டப் படத்திலேயே மூன்றைப் பாருங்கள்: மேசை எந்தப் பக்கம், கல்லீரல் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம். தவறு தெரிந்தால் படத்தைக் கையால் திருப்பிச் சேமிக்காமல் பதிவைத் திருத்தி, மறுபடியும் பேக்ஸுக்கு (படங்களைச் சேமிக்கும் சர்வருக்கு) அனுப்பி, பழைய தொடரை நீக்கச் சொல்லி, ரேடியாலஜிஸ்டிடம் நேரில் சொல்ல வேண்டும்.

இங்கே எடுத்த ஸ்கேனை வேலூர், கோவை டாக்டருக்குக் காட்ட எப்படிக் கொண்டுபோவது?

காம்பாக்ட் டிஸ்க்காகவோ சென்டர் தரும் லிங்க்காகவோ டைகாம் ஃபைல்களை முழுதாக வாங்குங்கள். வாட்ஸ்அப் போட்டோவில் முதலில் வெட்டுப்படுவது ஓரங்கள்தான், திசை எழுத்துகள் இருப்பதும் அங்கேதான். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்தால் பின்பக்கம் திரும்பியிருப்பதும் தெரியாது. அவசரத்துக்குப் போட்டோதான் வழி என்றால் நான்கு ஓரமும், பெயரும் தேதியும், ஆர் அல்லது எல் மார்க்கரும் தெரிய நேராக எடுங்கள். எக்ஸ்ரே என்றால் ஏபியா பிஏயா, நின்றா படுத்தா என்று கீழே ஒரு வரி தட்டி அனுப்புங்கள்.